பேயும் கலகமும் மாத்திரையும்

எம்.ஏ. தமிழ் முடித்த சூட்டோடு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ‘பேயாட்டம்: தலித் பெண்ணின் கலகக் குரல்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. தோழர்கள் பாராட்டினார்கள். இரண்டு கருத்தரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டுரையின் நாயகி என் சின்னம்மா. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பம்பையும் உடுக்கையும் முழங்க, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவள் ஆடியதையும், புருஷனை வாடா போடா என்று ஏசியதையும், கூலியை இழுத்தடித்த நிலக்காரனைப் பெயர் சொல்லித் திட்டியதையும் விலாவாரியாக எழுதியிருந்தேன். பேசவே விடாமல் வைக்கப்பட்ட உடம்பு பேயின் வாயால் பேசுகிறது, சாதியும் ஆணும் சேர்ந்து போட்ட பூட்டை இந்த ஆட்டம் உடைக்கிறது என்றெல்லாம் முடித்திருந்தேன்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பழைய பெட்டியில் அந்த இதழ் கிடைத்தது. சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ‘சொல்லாடல்’, ‘விளிம்புநிலை’ என்று வரும் இடங்களில் எனக்கே கூச்சமாக இருந்தது. முழுசும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அன்னிக்கிப் புளியமரத்துக்கு ஓடச்சொல்ல கால்ல கருவ முள்ளு ஏறி, ஒரு மாசம் சீழ் வச்சி நடக்க முடியாம கெடந்தேன். அத எழுதலியா?” வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு முன்னாடி மூணு மாசம் ராத்திரியில கண்ண மூடல. சோறு எறங்கல. பெத்த புள்ளயப் பாத்தாகூட ஒண்ணும் தோணல. அதயும் காணமே” என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் ஒரு விமர்சகனுக்கு அதைவிடப் பெரிய விமர்சனம் கிடையாது. இங்கே நான் செய்யப்போவது என் பழைய கட்டுரையின் மீது மட்டுமான விசாரணை அல்ல. முப்பது வருஷமாக நம் பத்திரிகைகளில் நாம் பழகிப்போன ஒரு வாசிப்பின் மீதான விசாரணை.

பாமாவின் ‘சங்கதி’ 1994-இல் வந்தது. அதில் பேய் பிடிப்பது பற்றி வருகிற பகுதி நம்மில் பலரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது. பேய் ஏன் நம்ம பெண்களையே தேடிவந்து பிடிக்கிறது, மேல்சாதிப் பெண்களை ஏன் விட்டுவிடுகிறது, ஆம்பிளைகளை ஏன் விட்டுவிடுகிறது என்று அங்கே ஒரு கேள்வி எழுகிறது. காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, அடி உதை, நிம்மதியாக உட்கார ஒரு நேரம் இல்லாத வாழ்க்கை, இதில் மனசு நொந்துபோய்த்தான் இப்படி ஆகிறது என்கிற இடத்துக்குக் கதைசொல்லியே வந்து சேர்கிறாள். அந்தப் பகுதியின் பலம் அதுதான் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. பேயை நம்பச் சொல்லவில்லை. பேய் பிடித்தவள் நடிக்கிறாள் என்று தள்ளவும் இல்லை. மனசு நோகிறது, நோவு முற்றுகிறது என்பதை ஒரு படைப்பாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். விமர்சகர்களாகிய நாம்தான் அந்த நொந்துபோகிற இடத்தை ஒரே தாண்டாகத் தாண்டி ‘கலகம்’ என்ற இடத்தில் போய் நின்றுகொண்டோம். கலகம் நமக்குத் தேவைப்பட்டது. நோவு தேவைப்படவில்லை.

பேயாட்டம் கலகம் என்பதிலேயே எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. இசபெல் நபொகோவ் என்ற மானிடவியலாளர் எங்கள் செஞ்சிப் பக்கம் தங்கிக் கள ஆய்வு செய்து, 2000-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பேய் ஓட்டுகிற சடங்கைப் பற்றி அவர் சொல்வது நமக்கு உவப்பானது அல்ல. பம்பைக்காரர்கள் பெண்ணை மிரட்டியும் கெஞ்சியும் பேச வைக்கிறார்கள். அவள் வாயிலிருந்து வருவதை அகால மரணம் அடைந்த ஏதோ ஒரு பையனின் பேச்சாக ஆக்குகிறார்கள். அப்புறம் அந்தப் பையனைத் துரத்துகிறோம் என்று அவள் தலைமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி மரத்தில் ஆணி அடிக்கிறார்கள். அவள் சொன்ன ஏச்சு, ஏக்கம், மறுப்பு எல்லாம் ‘அவன் சொன்னது’ என்று ஆகிவிடுகிறது. பெண் எதுவுமே சொல்லாதவளாகப் புருஷன் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள். நான் என் கண்ணால் பார்த்ததும் இதுதான். நிலக்காரனைத் திட்டியது சின்னம்மா இல்லை, பேய் என்பதால்தான் மறுநாள் அதே நிலத்தில் அவளுக்குக் களையெடுக்கும் வேலை கிடைத்தது. இதை நான் கலகம் என்று எழுதினேன். அவள் அதே கூலிக்குப் போனாள்.

சடங்குக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு அவளுக்கு லேசாக இருந்தது என்பதும் உண்மை. பத்துப் பேர் கூடி ஒருத்தியை நடுவில் உட்கார வைத்து ‘உனக்கு என்ன கொற, சொல்லு’ என்று கேட்பது நம் சேரியில் வேறு எப்போது நடக்கிறது? அதனால் பகுத்தறிவு பேசி இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் தூக்கம் மறுபடி போனது. மறுபடி மலையனூர், மறுபடி கடன். ஏழு வருஷத்தில் எட்டு முறை.

நடுவில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. தலை எரிகிறது, மார் அடைக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது, வயிற்றில் என்னவோ புரளுகிறது என்று போனாள். வலி மாத்திரையும் சத்து ஊசியும் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ‘ஒண்ணும் இல்ல’ என்கிற சொல் நம் சனங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது டாக்டர்களுக்குத் தெரிவதில்லை. ஒண்ணும் இல்லாததற்கா வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தாய் என்று வீட்டில் கேட்பார்கள்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. மனச்சோர்வு, பதற்ற நோய். இரண்டையும் சேர்த்து, பரவலாக வருகிற மனநோய்கள் என்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனசு கனத்துக் கிடப்பது, எதிலும் நாட்டம் போய்விடுவது, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து அப்புறம் தூங்க முடியாமல் போவது, பசி போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம், இதெல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுவது, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் காரணம் இல்லாமல் வந்துகொண்டே இருப்பது பதற்ற நோய். உழைக்கிற சனங்களிடம் இது பெரும்பாலும் மனசு சரியில்லை என்று வருவதில்லை. உடம்பு வலி என்றுதான் வருகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் 100-க்கு 10.6 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை கிடைக்காமலே இருந்தார்கள். அந்த எழுபதிலும் தொண்ணூற்றிரண்டிலும் சேரி எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நம் மொழியோ இதைக் கேட்கிற மொழியாக இல்லை. மெண்டல், லூசு, கிறுக்கு, அரக்கேசு. சென்னையில் 1794-இல் தொடங்கிய ஒரு காப்பகத்தின் தொடர்ச்சிதான் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. இருநூறு வருஷத்துக்கு மேல் சனங்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஓர் இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். நம் சினிமாவுக்கு வருகிற பைத்தியம் எல்லாம் அபூர்வமான பைத்தியம். 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யில் மனநல மருத்துவர் கதாநாயகன் என்பதால் சிலர் அதை விழிப்புணர்வுப் படம் என்றுகூடப் பேசினார்கள். அதே வருஷம் வந்த ‘அந்நிய’னில் ஓர் ஆளுக்குள் மூன்று ஆள். இவை போன்றவை லட்சத்தில் ஒருவருக்கு வரலாம், வராமலும் போகலாம். படத்தில் வருகிறபடி ஒரே ராத்திரியில் உருவபொம்மையைக் கொளுத்தினால் தீராது. காலை பத்து மணி வரை பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ஒரு கூலிக்காரியைப் படம் எடுக்க முடியாது. அவள் ‘சோம்பேறி’. அவ்வளவுதான்.

சினிமாவை ஏசிவிட்டுப் போவது சுலபம். நம் பக்கத்துக்கு வருவோம்.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவைக் கொண்டாடின. 1961-இல் வந்த பித்து பற்றிய அவருடைய நூலை மூலத்தில் படித்தவர்கள் சொற்பம். அதை வைத்து எழுதியவர்கள் அதிகம். மனநல மருத்துவமனை என்பது அதிகாரத்தின் கருவி, பித்து என்பது பகுத்தறிவு ஒதுக்கி வைத்த மற்றமை என்று நானும் எழுதித் திரிந்திருக்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப்போனார்கள். அடைத்து வைப்பதை எதிர்த்து எழுதுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம். ஆனால் அடைத்து வைப்பதை எதிர்ப்பதும் வைத்தியத்தையே சந்தேகிப்பதும் ஒன்று என்று நாம் ஆக்கிக்கொண்டோம்.

ஃபனானை எடுத்துக்கொள்ளுங்கள். காலனிய எதிர்ப்பின் சிந்தனையாளர் என்று நாம் சுவரொட்டியில் போடுகிற அந்த மனிதர் தொழிலால் மனநல மருத்துவர். 1953-இல் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்கு வேலைக்குப் போனவர், கட்டிப்போட்டிருந்த நோயாளிகளை அவிழ்த்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. அவர்களுக்கு வைத்தியமும் பார்த்தார். வேலையை ராஜினாமா செய்து விடுதலைப் போரில் சேர்ந்து துனிசுக்குப் போன பிறகும் அங்கே மனநோயாளிகளுக்காகப் பகல்நேர மருத்துவமனை நடத்தினார். 1961-இல் வந்த அவருடைய கடைசி நூலில் காலனியப் போரும் மனநோயும் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அடிபட்டவன், அடித்தவன், ஊரைவிட்டு ஓடியவன் என்று ஒவ்வொருவராக, அவர்களுக்கு என்ன கனவு வந்தது, எதைச் சாப்பிட முடியவில்லை என்பது வரைக்கும் குறித்து வைத்திருக்கிறார். காலனியம் உண்டாக்கிய நோய்தானே, காலனியம் போனால் சரியாகிவிடும் என்று அவர் நோயாளியைத் திருப்பி அனுப்பவில்லை. நாம் அந்த நூலின் முதல் அத்தியாயத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறோம்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் நம் மாணவர்கள்.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உயிரை விட்டார். விசாரிக்க அமைத்த ரூபன்வால் ஆணையம், அவருடைய சொந்த விரக்திதான் காரணம், நிர்வாகத்தின் மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டது. உதவித்தொகை நின்றது, விடுதியிலிருந்து வெளியேற்றியது, திறந்த வெளியில் படுத்தது எல்லாம் மறைந்து, ‘விரக்தி’ என்ற ஒரே சொல் மிஞ்சியது. மனநிலை பற்றிய பேச்சு இங்கே சாதியை மறைக்கிற போர்வையாகப் பயன்பட்டது. நாம் பதிலுக்கு ‘இது தற்கொலை அல்ல, நிறுவனப் படுகொலை’ என்றோம். அரசியலாக அது சரி. இன்றைக்கும் அந்த முழக்கத்தில் நான் நிற்கிறேன்.

ஆனால் அந்த முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்திவிட்டு விடுதி அறைக்குத் திரும்பிய பையன் ஒருத்தனை எனக்குத் தெரியும். முதல் தலைமுறைப் படிப்பு. ஆறு வாரமாகத் தூங்கவில்லை, ஆய்வேட்டில் ஒரு பக்கம் நகரவில்லை. மனச்சோர்வு என்பது ‘அவர்களுடைய’ சொல் என்று அவன் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லைத் தனக்குப் போட்டுக்கொண்டால் சாதியை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தான். நல்லவேளை, அவனுடைய அறை நண்பன் இழுத்துக்கொண்டு போனான். முதலில் பார்த்த ஆலோசகர், “இந்தக் காலத்துல யாரு சாதி பாக்குறா? நீங்க ரொம்ப சென்சிட்டிவ்வா இருக்கீங்க” என்று அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு மணி நேரம் கேட்டார். கேட்டுவிட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். இரண்டும் வேண்டியிருந்தது. சாதி செய்த காயம் என்பதால் அது நோய் இல்லை என்று ஆகாது. செங்கல் சூளைப் புகையில் வந்த இருமல் நோய்க்குச் சூளை முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். முதலாளி திருந்தும் வரை இருமிக்கொண்டிரு என்று எந்தத் தோழரும் சொல்வதில்லை. மனசு என்று வந்தால் மட்டும் சொல்கிறோம்.

நானும் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டவன். இயக்கத்தில் அல்சர் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒருமுறை கூட்டத்துக்குப் போகவில்லை என்று ஒரு மூத்த தோழர் திட்டியபோது, “சொந்த சோகத்தை அரசியல்படுத்தக் கத்துக்கணும் தம்பி” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய தலைமுறை வாங்கிய அடிக்கும் பார்த்த சாவுக்கும் படுத்துக்கொள்ளக்கூட நேரம் இருந்ததில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் சாராயத்தில் போனார்கள் என்று கணக்கெடுத்தால், அதில் எத்தனை பேர் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். அஞ்சலிக் கட்டுரைகளில் அவர்களைப் போராளி என்று எழுதியிருக்கிறோம். கடைசி இரண்டு வருஷம் எப்படி இருந்தார் என்று ஒரு வரி இருக்காது.

நம் தன்வரலாறுகளும் சாட்சியங்களும் இந்த நாட்டு இலக்கியத்துக்குப் புதிதாகக் கொண்டுவந்தவை ஏராளம். பசி, பீ, பிணம், அடி எல்லாவற்றையும் கூசாமல் எழுதினோம். கூசிய இடம் இது ஒன்றுதான். காரணம் புரியாமல் இல்லை. ‘புத்தி இல்லாதவன்’ என்று ஏற்கெனவே முத்திரை குத்தி வைத்திருக்கிற சமூகத்தில், என் புத்திக்கு உடம்பு சரியில்லை என்று யார் முதலில் சொல்வது? இன்னொரு பக்கம், எதிர்த்துப் பேசுகிற பறையனுக்குக் கிறுக்கு என்று ஊர்க்காரன் பட்டம் கட்டுவது நாம் பார்க்காததா? இந்த பயத்துக்குச் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருடைய சமூக நிலையை வைத்தோ, ஊர் வழக்கத்துக்கு அவர் கட்டுப்படவில்லை என்பதை வைத்தோ அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது. சாதி பார்த்து சிகிச்சையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிற நம் தோழர்கள் இதையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

சின்னம்மாவின் கதைக்குக் கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் வாரம் ஒருநாள் வந்துபோகிற டாக்டர் ஒருவரிடம் தற்செயலாகத்தான் போனாள். தலைவலிக்குச் சீட்டு எடுத்துத் தப்பான வரிசையில் நின்றுவிட்டாள். ‘எங்கம்மா வலிக்குது’ என்று கேட்காமல் ‘ராத்திரி தூக்கம் எப்படிம்மா’ என்று அந்த டாக்டர் கேட்டதும் அழுதுவிட்டாளாம். மாத்திரை கொடுத்தார். உடனே கேட்காது, இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை விடாமல் சாப்பிடணும், சரியான பிறகும் மாதக்கணக்கில் சாப்பிடணும், நீயாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஐந்தாவது வாரம் விடியற்காலையில் கோழி கூவித்தான் எழுந்தேன் என்றாள். அடுத்த வருஷம் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, சம்பந்திவீட்டுக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மாத்திரையை அவளாகவே நிறுத்தினாள். கல்யாணத்தன்றே பழையபடி ஆகிவிட்டது. மறுபடி போய்ச் சேர்ந்தாள். இப்போது அரிசி டின்னில் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். மருமகளிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள். மருமகளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது, அவளும் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தக் கட்டுரை எழுதப்போவதாக அவளிடம் சொன்னேன். “பேரு போடாத. மாத்திர பேரப் போடு, நாலு பேரு கேட்டு வாங்கட்டும்” என்றாள். அது ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், எழுதக்கூடாது என்று விளக்கினேன். “அப்ப எந்தக் கெழம அந்த டாக்டரு வருவாருன்னாவது போடு” என்றாள்.

எங்கள் பக்கம் வியாழக்கிழமை. உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போக முடியாதவர்களுக்கு 14416 என்று அரசாங்கத்தின் டெலி மானஸ் தொலைபேசி எண் 2022-இலிருந்து இருக்கிறது. தமிழில் பேசலாம், காசு கிடையாது.